பரணில் கிடந்த பூட்ஸும் அப்பாவின் எட்டு முழ வேட்டியும்

2024 ஜூன் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. பரணில் ஏறிப் பூட்ஸ் பெட்டியை இறக்கினேன். 2020 பிப்ரவரியில் அகத்தியர்கூடம் போய் வந்த கையோடு கழுவிக் காயவைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து மூடி வைத்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் அந்த மலையில் பெண்களுக்கும் வழி திறந்திருந்தது. போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலைக் கொட்டகையில் படுத்து எழுந்து, 1,868 மீட்டர் உச்சியில் இந்தப் பூட்ஸோடுதான் நின்றேன். அந்தப் பிரியத்தில்தான் வேறு எதையும் எடுக்கும் முன்னால் இதை எடுத்தேன்.

மேல் தோல் நன்றாக இருந்தது. கயிறு கோர்க்கும் கொக்கிகளில் துரு இல்லை. குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. ரப்பர் அடிக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெத்தைப் பகுதி மஞ்சள் தூளாகத் தரையில் கொட்டியது. நாலு வருஷம் காலில் போடாமல் பத்திரமாக வைத்ததுதான் வினை. அந்த மெத்தை பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். நம்மூர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதை மட்டும் வீட்டில் பார்க்காமல் ரயிலேறியிருந்தால், மலையில் இரண்டாம் நாள் அடி கழன்று வெறுந்தோலோடு நின்றிருப்பேன்.

நவம்பரில் நானும் மதினியும் சந்தக்பூ போவதாக முடிவாகியிருந்தது. எனக்கு 46, மதினிக்கு 49. மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம் அது, 3,636 மீட்டர். மானேபஞ்சனில் தொடங்கி, இந்திய நேபாள எல்லை ஓடும் முகட்டின் மேலேயே பாதை போகும். கூடாரம் சுமக்க வேண்டாம். தும்லிங், காலிபோக்ரி, சந்தக்பூ, ஃபாலுட் என்று ஒவ்வொரு நாள் நடைக்கும் தங்குவதற்குக் குடில் உண்டு. கட்டில், ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வை, சுடுசோறு கிடைக்கும். குடில் இருக்கிறதென்று ஆயத்தத்தைக் குறைக்க முடியாது. எதைச் சுமக்க வேண்டாம் என்பதுதான் மாறும். காலும் செருப்பும் உடம்பும் நாம் கொண்டுபோவதுதான்.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அடியை மட்டும் நல்ல பசையாகப் போட்டு ஒட்டித் தரச் சொன்னேன். அவர் வாங்கி, வளைத்துப் பார்த்து, மடியில் கொட்டிய தூளைத் தட்டிவிட்டார்.

"யம்மா, இது ஒட்டி நிக்காது. நடுவுல உள்ளதே மாவாப் போச்சு. பசை எதப் போயிப் பிடிக்கும்? மொத்தமா உரிச்சி எடுத்துட்டு வேற அடிதான் கட்டணும். மேத்தோலு நல்ல தோலு, அதக் களைஞ்சிராதிய."

அவர் சொன்னதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஒட்டிக் கொடுத்து முன்னூறு ரூபாய் வாங்கியிருக்கலாம். நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன். பழைய மெத்தையைக் கத்தியால் சுரண்டி, ஒரு பொட்டு மஞ்சள்கூட மிஞ்சாமல் எடுத்தார். இதற்கே முக்கால் மணி நேரம். பிறகு தோலின் அடிப்பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தார். புது மெத்தைக்கு எம்.சி.ஆர். ஷீட், நுண்துளை ரப்பர். சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு செய்வார்களே, அதே ஷீட்தான், கொஞ்சம் கெட்டியான வகை. குதியில் இரண்டு அடுக்கு, முன்னால் ஒரு அடுக்கு. அதன் கீழே பல் வெட்டிய ரப்பர் அடி. அந்த அடி இங்கே கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆனது. சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, மறுபடி ஒரு கை தடவிக் காயவிட்டு, அப்புறம்தான் சேர்த்து அடித்தார். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் உள்ளே காயாமல் நின்று, வெயிலில் கழன்றுகொள்ளுமாம். கடைசியாக விளிம்பைச் சுற்றி மெழுகு போட்ட நைலான் நூலில் தையல். நூலின் இரண்டு முனையும் ஒரே துளை வழியாக எதிரெதிரே போய் வந்தன. ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிரியாது. ஜோடிக்கு 1,150 ரூபாய். 24 மணி நேரம் காலில் போடாதீர்கள் என்றார். நான் மூன்று நாள் போடவில்லை.

போட்டு நடந்தபோது அது வேறு பூட்ஸாக இருந்தது. குதி முன்னைவிட உயரம், அடி விறைப்பு. முதல் வாரம் காலையில் தாமிரபரணிக்கரை வழியாகக் குறுக்குத்துறை முருகன் கோயில் வரை நடந்தேன். இடது குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசளவு கொப்புளம். உள்ளே மெல்லிய நைலான் பள்ளிக்கூட சாக்ஸ், மேலே கம்பளி சாக்ஸ் என்று இரண்டு போட்ட பிறகு உரசல் இரண்டு சாக்ஸுக்கு நடுவில் போய்விட்டது, தோலுக்கு வரவில்லை. குதியில் லேசாகச் சூடு தெரியும்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தப் பூட்ஸில் 120 கிலோமீட்டர் நடந்துவிட்டேன். நோட்டில் எழுதி வைத்த கணக்கு.

மலைப் பயிற்சிக்குப் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில் படிகளைத் தேர்ந்தெடுத்தோம். காலை செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் வெயில் ஏறும் முன்னால் படியில் நிற்கலாம். பையில் அரிசி நிரப்பி முதல் வாரம் 5 கிலோ, பிறகு 7, பிறகு 9. ஒரு தடவை ஏறினால் சாமி கும்பிடுவது. மூன்று தடவை ஏறி இறங்கினால்தான் பயிற்சி. ஏறுவதை எல்லோரும் பழகுகிறார்கள், இறங்குவதைப் பழகுவதில்லை. ஃபாலுட்டிலிருந்து கோர்க்கே வரை ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம் இருப்பதைப் பார்த்த பிறகு நாங்கள் இறக்கத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். ஒவ்வொரு படியிலும் முட்டியை மடக்கி, உடம்பை மெதுவாகக் கீழே வைப்பது. முதல் நாள் அப்படி இறங்கியபின் மதினியால் இரண்டு நாள் தரையில் உட்கார முடியவில்லை. ஆறாவது வாரத்தில் அந்த வலி காணாமல் போனது.

அங்கேதான் அடுத்த குறையும் தெரிந்தது. ஜூலை சாரலில் நனைந்த கருங்கல் படியில் என் புது அடி வழுக்கியது. பயந்துவிட்டேன். அண்ணாச்சியிடம் கேட்டால், புது ரப்பரின் மேல் அச்சில் வார்த்த மினுமினுப்பு இருக்கும், அது போகும்வரை வழுக்கத்தான் செய்யும் என்றார். உப்புத்தாளால் பல் பல்லாகத் தேய்த்தேன். அடுத்த சாரலில் பிடித்தது. பாசி படிந்த கல்லில் எந்த அடியும் பிடிக்காது, அது வேறு விஷயம்.

சாரல் இன்னொரு உதவியும் செய்தது. பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பி இருந்தோம். இரண்டு மணி நேர நடையில் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த துணி பாதி நனைந்திருந்தது. உறை முதுகை மூடாது, அவ்வளவுதான். கனமான பாலித்தீன் பை ஒன்றைப் பைக்கு உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடக்கிக் கட்டினோம். நாற்பது ரூபாய்ச் செலவு. அதற்குப் பிறகு ஒரு துளிகூட இறங்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் இருப்பவர்கள் மழைச் சாமான்களைச் சோதிக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இனி வேட்டி. குடிலில் ரஜாய் கொடுப்பார்கள். ஆனால் தண்ணீர் அரிதான முகட்டில் அதை ஒவ்வொரு ஆளுக்கும் துவைத்துப் போட முடியாது. அதனால் நம் உடம்புக்கும் ரஜாய்க்கும் நடுவில் ஒரு உறை வேண்டும். கடையில் விற்கிற பட்டு உறை விலை அதிகம். வீட்டில் அப்பாவின் எட்டு முழ வேட்டி இருந்தது, வீரவநல்லூர்த் தறி. இருபது வருஷம் துவைத்துத் துவைத்துக் கன்னத்தில் வைத்தால் பஞ்சு போலிருக்கும். அம்மாவிடம் கேட்டேன். "பீரோவுல கெடந்து என்ன செய்யப் போவுது, ஒனக்குக் குளுராம இருந்தாச் சரி" என்று எடுத்துக் கொடுத்தாள்.

விரித்து அளந்தால் நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.27. நீளத்தைப் பாதியாக மடித்தால் 1.8 மீட்டர். மடிப்பு கால் பக்கம், அங்கே தையல் தேவையில்லை. அகலத்தில் 85 சென்டிமீட்டர் போதும் என்று வெட்டினேன். 42 சென்டிமீட்டர் பட்டையாக மிஞ்சியது, அதைச் சுருட்டி வைத்தேன். பக்கங்களுக்கு இரட்டைத் தையல். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து விளிம்பை ஒட்டி ஒரு தையல், பிசிறை வெட்டிவிட்டு உள்பக்கமாகத் திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே மாட்டும்படி இன்னொரு தையல். ராத்திரி கால் விரல் நூலில் சிக்காது. ஒரு பக்கம் மேலிருந்து 40 சென்டிமீட்டர் திறப்பு விட்டேன், நடுராத்திரி எழுந்து போக வேண்டுமே. திறப்பு முடியும் இடத்தில்தான் இழுவை விழும். அங்கே முக்கோணமாக ஒரு துண்டு வைத்து நாலு சுற்று தைத்தேன்.

ஏசியை 17-இல் வைத்து முதல் ராத்திரி அதற்குள் படுத்தேன். விடியற்காலம் புரண்டபோது 'டர்' என்று கால் பக்கம் கிழிந்தது. தையல் எதுவும் விடவில்லை. மடிப்பிலேயே கிழிந்திருந்தது. இத்தனை வருஷமும் அம்மா அந்த வேட்டியைச் சரியாக அதே இடத்தில் மடித்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டில் இழை தேய்ந்து போயிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு ஜாண் அகலத்தில் பாப்ளின் துணியைக் கால் பக்கம் உள்ளும் புறமும் வைத்துத் தைத்தேன். மொத்த எடை 260 கிராம். பழைய துணியில் தைக்கிறவர்கள் மடிப்புக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊன்றிக்கொள்ள இரண்டு கம்பு. சிலம்ப வாத்தியார் ஒருவர் கல்மூங்கில் கொடுத்தார். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி நின்றால் கை இருக்கும் உயரத்துக்கு, எனக்கு 108 சென்டிமீட்டர், அறுத்தேன். கீழ்முனை கணுவில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கும். மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் குமிழை மாட்டி, பிடியில் பஞ்சு நாடா சுற்றினேன். ஒரு கம்பு 210 கிராம்தான். சுமையைக் காலிலிருந்து தோளுக்கு மாற்றும் வேலையை அது நன்றாகவே செய்தது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு தவறு நடந்தது. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டுபோக ஆசைப்பட்டு, பயிற்சிப் பையில் வைத்துப் பார்த்தேன். பண்பொழியிலேயே எண்ணெய் கசிந்துவிட்டது. மேலே இன்னும் மோசமாகும். 3,600 மீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். அதனால் எல்லாம் உலர்ந்ததாக மாற்றினோம்: பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, சுக்குக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். குடிலில் சோறும் பருப்பும் நூடுல்ஸும் கிடைக்கும், ஆனால் உயரத்தில் பசி மந்தமாகும். நாக்குக்குப் பழகிய ஒரு பொடி இருந்தால் சோறு இறங்கும். அழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

எடை போட்டோம். முதல் தடவை கைத்தராசில் என் பை 11.6 கிலோ. ஜீன்ஸ் போயிற்று. நனைந்தால் காயாத பருத்திச் சுடிதார்கள் இரண்டு போயின. இங்கே பருத்திதான் உயிர், அங்கே நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். துருக்கித் துண்டுக்குப் பதில் ஈரிழைத் துண்டு, அதிலேயே 300 கிராம் மிச்சம். மாதவிடாய்த் தேவைக்கானது இருவருக்கும் ஒரே பொட்டலம், தேதி இல்லாவிட்டாலும் கட்டாயம். உயரமும் குளிரும் நாள் கணக்கைத் தப்பவைக்கும். கடைசியில் தண்ணீரைச் சேர்க்காமல் 7.3 கிலோ.

ஒன்றை மட்டும் திருநெல்வேலியில் எவ்வளவு உழைத்தாலும் பழக முடியாது. பாளையங்கோட்டை கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் அளவுதான். எத்தனை படி ஏறினாலும் இங்குள்ள ரத்தத்துக்கு மெல்லிய காற்று பழகாது. அதற்கு மருந்து நாட்கள்தான். 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. டாக்டரிடம் இருவரும் போனோம். உயரத்தில் வரும் நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் அது சல்ஃபா வகையைச் சேர்ந்தது. மதினிக்குச் சல்ஃபா ஒவ்வாது. எனவே மாத்திரை இல்லாமலே போவது, நாளைக் கூட்டுவது என்று முடிவு செய்தோம். டார்ஜிலிங்கில் இரண்டு இரவு, காலிபோக்ரியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறுவதில்லை; தள்ளாட்டம் வந்தாலோ, ஓய்வாகப் படுத்த பிறகும் இருமலும் மூச்சுத்திணறலும் நிற்காவிட்டாலோ ராத்திரியானாலும் கீழே இறங்குவது. இதை இருவரும் வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொண்டோம். மேலே போனபின் பேசினால் ஆசைதான் பேசும்.

நாகர்கோவில் போய் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி, மூன்று இரவு கழித்து நியூ ஜல்பைகுரியில் இறங்கினோம். நடையைப் பற்றி விரிவாக எழுதவில்லை. செய்த சாமான்கள் என்ன ஆயின என்பதை மட்டும் சொல்கிறேன். டார்ஜிலிங்கிலேயே தேங்காயெண்ணெய் கல்லாகிவிட்டது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்று, நல்லெண்ணெய் கொண்டுபோயிருக்கலாம். காலிபோக்ரியில் முதல் மாலை எனக்கு நெற்றிப்பொட்டில் வலி, சோறு பிடிக்கவில்லை. மறுநாள் சும்மா இருந்து, சுக்குக் கருப்பட்டிக் காபி குடித்து, பக்கத்து மேட்டில் ஏறி இறங்கியதில் சாயங்காலம் சரியாகிவிட்டது. திட்டத்தில் அந்த ஒரு நாள் இல்லாதிருந்தால் வலியோடேயே சந்தக்பூ ஏறியிருப்போம். அங்கே விடியலில் கஞ்சன்ஜங்கா முழு நீளத்துக்கும் சிவந்து நின்றது. மேற்கே தூரத்தில் எவரெஸ்ட் சின்னதாக, அதன் முன்னால் மக்காலு பெரிதாக. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், ரொம்ப நேரம் பேசவில்லை.

கோர்க்கே இறக்கத்தில் கம்பும் முட்டியும் கைவிடவில்லை. பூட்ஸ் தையலில் ஒரு நூல்கூட எழும்பவில்லை. திரும்பியதும் அண்ணாச்சியிடம் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது அதைப் பெட்டியில் மூடுவதில்லை. காற்றோட்டமாகத் திண்ணை அலமாரியில் வைத்து வாரம் ஒரு தடவை போட்டு நடக்கிறேன்.

வேட்டி உறையில்தான் ஒரு குறை. 1.8 மீட்டர் என்பது கழுத்து வரைக்கும் சரியாக இருந்தது. சந்தக்பூ இரவில் தலைமாட்டில் வைத்த தண்ணீர் உறைந்தது, தலையும் காதும் வெளியே. ரஜாயை முகத்தில் இழுக்க மனம் வரவில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். வெட்டி மிஞ்சிய அந்த 42 சென்டிமீட்டர் பட்டை அப்படியே இருக்கிறது. வேட்டியின் கரை அந்தப் பட்டையில்தான் வருகிறது. இந்த வாரம் அதை மேலே சேர்த்து, தலையை மூடும் குல்லாய் போல வளைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கரை நெற்றியில் வரும்படி.